ஓலைச்சுவடி முதல் ஜீனோம் வரை: ஒரு டேப் இடைவெளியின் வரலாறு



தலைப்பைப் பார்த்ததும் பாதிப் பேர் "இவனுக்கு வேற வேலையே இல்லையா" என்று நினைப்பீர்கள். பரவாயில்லை, மீதிப் பாதிப் பேருக்காக எழுதுகிறேன் :-)

உயிர்தகவலியல் படிக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நாள் கணக்கில் கணினியை ஓடவிட்டு ஜீனோம் அலசலை முடிப்போம். கடைசியில் "முடிவுகளை ஏற்றுமதி செய்" என்று ஒரு பொத்தான் வரும். டேப் பிரித்த டெக்ஸ்ட் கோப்பா, கமா பிரித்த கோப்பா என்று கேட்கும். ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் சென்னை வருகிறது, மதுரை வருகிறது, லண்டனுக்குப் போன ஈழத்தமிழர்கள் வருகிறார்கள். நோயும் வருகிறது, அரசியலும் வருகிறது. அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஓலை

எங்கள் ஊர் பொம்மையார்பாளையத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி. அங்கே 1955ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். தெற்கே சுவடி, வடக்கே கணினி. நடுவில் நாங்கள்.

ஓலையில் எழுதியவர்கள் சொல்லுக்குச் சொல் இடம் விடமாட்டார்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் ஒரே நீளச் சரமாக ஓடும். படிக்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். "பலகை" என்று இருந்தால் அது பலகையா, பல கையா? "தாமரை" பூவா, இல்லை "தா மரை" என்று தாவுகிற மானா? நம் இலக்கணத்தில் இதற்குப் பொதுமொழி என்று பெயரே இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் சுவடிகளை அச்சிடும்போது பட்ட பாட்டில் பெரும்பகுதி இதுதான். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது, எது பாட்டு, எது உரை, எது உரையில் வரும் மேற்கோள் என்று பிரித்தெடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். புறநானூற்றில் ஒவ்வொரு பாட்டின் கீழும் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்பு இருக்கும். பாட்டு என்பது தரவு. குறிப்பு என்பது தரவைப் பற்றிய தரவு. சில பாட்டுகளுக்கு இந்தக் குறிப்பு சிதைந்துபோனதால் யாரைப் பாடியது என்றே சொல்ல முடியவில்லை. 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. ஆனாலும் பதிப்பில் அந்த எண்கள் அப்படியே இருக்கின்றன. 269ஐ 267 ஆக்கி யாரும் வரிசையை இழுத்து ஒட்டவில்லை. "இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை" என்று சொல்வதும் ஒரு தகவல்தான்.

பிரிப்பது, குறிப்பு வைப்பது, இல்லாததை இல்லை என்று காட்டுவது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இந்த மூன்றைச் சுற்றித்தான்.

அட்டைகளின் காலம்

1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலெரித் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். 1928ல் ஐ.பி.எம். 80 நெடுவரிசை கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. அட்டையில் கமாவும் தேவையில்லை, டேப்பும் தேவையில்லை. 1 முதல் 10 வரை பெயர், 11 முதல் 15 வரை வயது என்று இடத்தை வைத்தே பிரித்துவிடலாம். பள்ளியில் கட்டம் போட்ட விண்ணப்பத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று நிரப்புவோமே, அதே முறை.

உயிரியல் தரவும் முதலில் இந்த அட்டைக்குள்தான் நுழைந்தது. 1965ல் மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி அன்றைக்குத் தெரிந்த 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து ஒரு புத்தகமாக வெளியிட்டார். அமினோ அமிலங்களுக்கு மூன்றெழுத்துப் பெயர் போட்டால் அட்டையில் இடம் போதாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் எழுத்து என்று சுருக்கினார். இன்றைக்கும் நாம் பயன்படுத்துவது அந்த ஓரெழுத்துக் குறியீடுதான். அட்டையின் அகலம் போய்விட்டது, அது விட்டுப்போன பழக்கம் மட்டும் பாடப்புத்தகத்தில் தங்கிவிட்டது.

அதே காலகட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று கணக்குப் போட்டு 1963ல் வெளியிட்டார்கள். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் புதிதாக ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால், முதலில் அதன் கோணங்களை இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

சரிபார்க்க வேண்டுமென்றால் அணுக்களின் இருப்பிட எண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டுமே? 1971ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் புரதத் தரவு வங்கி தொடங்கியது. அப்போது அதில் இருந்தவை வெறும் 7 வடிவங்கள். அதன் கோப்பு வடிவமும் 80 நெடுவரிசை அட்டையைப் பார்த்துப் போட்டதுதான். ஓர் அணுவின் முப்பரிமாண இருப்பிடம் 31 முதல் 54 வரையுள்ள இடங்களில் இருக்கும். ஓர் இடம் தள்ளிப்போனாலும் அணு வேறெங்கோ போய்விடும்.

அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்து இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதாவது 99,999 வரைதான். 1971ல் இது தாராளம். ஆனால் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் போன்றவர்கள் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டுபிடித்தபோது (2009 நோபல் பரிசு அதற்காகத்தான்) முழு ரைபோசோம் ஒரு கோப்பில் அடங்கவில்லை. துண்டு துண்டாகப் பல கோப்புகளில் பிரித்து வைத்தார்கள். 2014ல்தான் அந்தத் துண்டுகள் புதிய வடிவத்தில் ஒரே கோப்பாகச் சேர்ந்தன. செத்துப்போன அட்டை 40 வருடம் கழித்தும் நோபல் பரிசுக்காரர்களின் வேலைக்குக் குறுக்கே நின்றது!

டேப் எப்படி ஜெயித்தது?

இடத்தை வைத்துப் பிரிப்பதில் இதுதான் சிக்கல். எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஜீனோமில் அது தெரியாது. ஆகவே இடத்துக்குப் பதிலாக ஒரு குறி வைத்துப் பிரிக்கும் முறை வந்தது.

கமாவை வைக்கலாமே? வைத்தார்கள். ஆனால் கமா மொழிக்குள்ளேயே இருக்கிறது. "பாஸ்போஃபிரக்டோகைனேஸ், மசில்" என்பது ஒரே ஒரு மரபணுவின் முழுப் பெயர். கமா பிரித்த கோப்பில் மேற்கோள் குறி போட மறந்தால் அது இரண்டு நெடுவரிசையாக உடைந்து, அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். வேதிப்பெயர்களுக்குள்ளும் கமா உண்டு. ஐரோப்பாவில் பல நாடுகளில் தசமப் புள்ளிக்கே கமாதான். கமா கோப்புக்கு எழுதப்பட்ட ஒரு பொது விதியே 2005ல்தான் இணையத் தர ஆவணமாக வந்தது. அதுவரை ஆளுக்கொரு முறை.

டேப் என்பது தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. அட்டவணை அடிக்கும்போது அடுத்த நெடுவரிசைக்குத் தாவ ஒரு விசை. 1960களில் உருவான ஆஸ்கி குறியீட்டில் அதற்கு 9 என்ற எண் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் ஆஸ்கியில் தரவைப் பிரிப்பதற்கென்றே 28 முதல் 31 வரை நான்கு குறிகள் தனியாக உண்டு. யாரும் சீண்டவில்லை! விசைப்பலகையில் அவற்றுக்கென்று பொத்தான் இல்லை, திரையில் ஒழுங்காகத் தெரியவும் இல்லை. டேப்புக்குப் பொத்தான் இருந்தது. பெயருக்குள் யாரும் டேப் அடிக்கமாட்டார்கள். அவ்வளவுதான் அதன் தகுதி, அதுவே போதுமாக இருந்தது.

1982ல் ஜென்பேங்க் தொடங்கியது. 1985ல் டேவிட் லிப்மனும் வில்லியம் பியர்சனும் வரிசைகளை ஒப்பிடும் நிரலை வெளியிட்டார்கள். அதன் வழியே வந்ததுதான் ஃபாஸ்டா வடிவம். ஒரு ">" குறி, பெயர், அடுத்த வரியிலிருந்து எழுத்துகள். இதைவிட எளிமையாக ஒன்றைச் செய்ய முடியாது. 1990ல் பிளாஸ்ட் வந்தது. அதன் அட்டவணை வெளியீட்டில் 12 நெடுவரிசைகள்: தேடிய வரிசையின் பெயர், கிடைத்த வரிசையின் பெயர், ஒற்றுமை சதவீதம் என்று தொடங்கி கடைசியில் மதிப்பெண் வரை. உலகத்தில் எந்தக் கல்லூரி ஆய்வகத்தில் ஓடவிட்டாலும் அதே 12.

இந்தியாவில் 1986ல் மத்திய அரசின் உயிர்தொழில்நுட்பத் துறை உருவானது. அந்தக் காலத்திலேயே நாடு முழுவதும் உயிரியல் தகவல் மையங்களை இணைக்கும் வலைப்பின்னல் ஒன்றைத் தொடங்கினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதன் தொடக்ககால மையங்களில் ஒன்று. இணையம் நம் வீடுகளுக்கு வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே மதுரையில் மரபணு வரிசைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

2000ஆம் ஆண்டு ஜூலை 7ல் மனித ஜீனோமின் வரைவு கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக இணையதளத்தில் வந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதோடு வடிவங்களும் பெருகின. ஜி.எஃப்.எஃப். வடிவத்தில் எண்ணிக்கை 1ல் தொடங்கும், பெட் வடிவத்தில் 0ல் தொடங்கும். ஒரு குரோமோசோமின் முதல் பத்து எழுத்துகளை முன்னதில் 1–10 என்றும் பின்னதில் 0–10 என்றும் எழுத வேண்டும். இரண்டுமே டேப் பிரித்த டெக்ஸ்ட்தான். இரண்டையும் திறந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் குழப்பிக்கொண்டால் ஓர் எழுத்து தள்ளிப்போகும். ஜீனோமில் ஓர் எழுத்து என்பது நோய்க்கும் நலத்துக்கும் உள்ள தூரமாக இருக்கலாம்.

செப்டம்பர் 2ஆம் தேதி என்றொரு மரபணு

எக்ஸெலில் அலைபேசி எண் பட்டியலைத் திறந்தால் 9.84 ஈ+09 என்று வந்து நிற்குமே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மரபணுக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி.

செப்ட்2 என்று ஒரு மரபணு. செப்டின் குடும்பத்தின் இரண்டாவது உறுப்பினர். டெக்ஸ்ட் கோப்பை எக்ஸெலில் திறந்தால் அது செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். மார்ச்1 என்ற மரபணு மார்ச் 1 ஆகிவிடும். கேட்காமலேயே மாற்றிவிட்டு, சேமித்தால் மாற்றியபடியே சேமித்துவிடும். 2004லேயே ஓர் ஆய்வுக்குழு இதை எழுதி எச்சரித்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2016ல் இன்னொரு குழு, மரபணுப் பட்டியலை எக்ஸெல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளைத் துழாவிப் பார்த்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தப் பிழை இருந்தது.

முடிவு என்ன தெரியுமா? மென்பொருள் மாறவில்லை, மரபணுக்கள் பெயரை மாற்றிக்கொண்டன! 2020ல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு செப்ட்2ஐ செப்டின்2 என்றும், மார்ச்1ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது 2023ல். சாமி வரவில்லை என்று கோயிலை இடம் மாற்றிய கதைதான்.

இதை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் பெயர்கள் அரசுக் கணக்கில் விடுபட்டுப்போயின. ஆய்வகங்கள் அனுப்பியது கமா பிரித்த டெக்ஸ்ட் கோப்பு. அதைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். பழைய வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மேலே போனதெல்லாம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களை உரிய நேரத்தில் யாரும் எச்சரிக்கவில்லை. விழுந்த ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆள்.

மதுரையில் விடுபட்ட 25 எழுத்துகள்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஒரு மனிதரின் ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்துகள். எல்லோருக்கும் அதை முழுசாக எழுதி வைப்பது வீண். ஒரு பொது ஜீனோமை வைத்துக்கொண்டு அதிலிருந்து இவர் எங்கெங்கே மாறுபடுகிறார் என்று மட்டும் எழுதினால் போதும். அப்படி எழுதினால் ஓர் ஆளுக்கு 40 முதல் 50 லட்சம் வரி வரும். 2008ல் தொடங்கிய ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் இதற்காக உருவான வடிவம்தான் வி.சி.எஃப். அதைப் பற்றிய கட்டுரை 2011ல் வந்தது. டேப் பிரித்த எட்டு நெடுவரிசைகள் கட்டாயம்: எந்தக் குரோமோசோம், எந்த இடம், அடையாள எண், பொது ஜீனோமில் என்ன எழுத்து, இவருக்கு என்ன எழுத்து, தரம், வடிகட்டி, கூடுதல் தகவல். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நெடுவரிசை. தகவல் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி. மேலே இரட்டைக் கட்டக் குறியோடு (##) தலைப்புக் குறிப்புகள்.

புறநானூறு ஞாபகம் வருகிறதா? குறிப்பும் இருக்கிறது, கிடைக்காத 267ஆம் பாட்டும் இருக்கிறது :-)

இனி மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பெருந்துறை தண்டபாணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதயத்தசை நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். 11ஆம் குரோமோசோமில் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். இந்தியாவின் பல பகுதி மக்களையும் சோதித்து 2009ல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். தெற்காசியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் அந்த 25 எழுத்துகள் இல்லை! அது இதயம் செயலிழக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது என்றும் சொன்னார்கள். இருப்பவர் எல்லோருக்கும் அதே அளவு அபாயம் இல்லை, பக்கத்தில் உள்ள வேறொரு மாற்றமும் சேர்ந்தால்தான் அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. அறிவியல் அப்படித்தான் நகரும்.

நான் சொல்ல வருவது வேறு. அந்த 25 எழுத்து இல்லாமையை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எப்படி எழுதுவது? இல்லாததை எழுத முடியாது. எனவே வி.சி.எஃப். விதிப்படி அதற்கு முந்தின ஓர் எழுத்தையும் சேர்த்து, பொது ஜீனோம் நெடுவரிசையில் 26 எழுத்து, இவருடைய நெடுவரிசையில் 1 எழுத்து என்று எழுதுவார்கள். எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதியாக இருந்தால், ஒரே விடுபடலை வெவ்வேறு இடத்தில் தொடங்குவதாகவும் எழுதலாம். இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விதமாக எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு மாற்றங்கள். ஒரு கோப்பில் தேடினால் இன்னொன்றில் கிடைக்காது. இதற்காகத்தான் எப்போதும் இடப்பக்கம் ஒதுக்கி எழுது என்று விதி வைத்தார்கள்.

பொது ஜீனோமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2009ல் ஒரு பதிப்பு, 2013 டிசம்பரில் அடுத்த பதிப்பு. இரண்டிலும் ஒரே மரபணுவுக்கு வேறு வேறு இட எண். எந்தப் பதிப்பு என்று தலைப்பில் எழுதாமல் ஏற்றுமதி செய்த கோப்பு, தெருப்பெயர் மாறின ஊரில் பழைய முகவரி மாதிரி. கடிதம் போகும், ஆனால் யார் வீட்டுக்கு என்று தெரியாது.

எஸ்.டி.யு. என்கிற மூன்று எழுத்து

2015ல் ஆயிரம் ஜீனோம் திட்டம் முடிந்தபோது அதில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருந்தார்கள். அதோடு ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பும் வந்தது. நான்கே நெடுவரிசை: மாதிரி எண், மக்கள் குழு, பெருங்குழு, ஆணா பெண்ணா. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம்.

அதில் 102 வரிகளில் எஸ்.டி.யு. என்று இருக்கும். ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் என்று பொருள். இன்னொரு 102 வரிகள் அங்கே வாழும் தெலுங்கர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகளும் உண்டு. ஆனால் அந்த 2,504 பேரில் இந்தியாவில் வைத்து மாதிரி எடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் எந்த ஆய்வாளர் "தமிழர்" என்று இந்தத் தொகுப்பில் தேடினாலும் கிடைப்பது புலம்பெயர்ந்த அந்த 102 பேர்தான்.

இலங்கைத் தமிழர்கள் இவ்வளவு பேர் ஏன் இங்கிலாந்தில் இருக்கிறார்கள்? 1983 கலவரமும் அதன் பின் நடந்த போரும் தெரியாத தமிழர் உண்டா? ஆனால் கோப்பில் அதற்கு நெடுவரிசை இல்லை. யாழ்ப்பாணமா மட்டக்களப்பா மலையகமா என்பதற்கும் இல்லை. நோய் விவரமும் அந்தத் திட்டத்தில் யாரிடமும் வாங்கவில்லை. இது குற்றச்சாட்டு இல்லை. தனிமனிதர் அடையாளம் தெரியக்கூடாது என்ற நல்ல காரணமும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு கோப்பைப் படிக்கும்போது, இருக்கும் நெடுவரிசைகளை மட்டும் படித்தால் போதாது, எவை இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

நெடுவரிசைக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே சண்டை வந்ததும் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் லால்ஜி சிங்கும் தங்கராஜும் அமெரிக்காவின் டேவிட் ரைக் குழுவும் சேர்ந்து 25 இந்தியக் குழுக்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தார்கள். இந்தியர்களின் ஒரு மூதாதையர் கிளை மேற்கு யூரேசியர்களோடு நெருக்கம் என்று எண்கள் காட்டின. அதை எப்படிச் சொல்வது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு. கடைசியில் "மூதாதை வட இந்தியர்", "மூதாதை தென் இந்தியர்" என்று இரண்டு புதுப் பெயர்களை உருவாக்கி 2009ல் நேச்சரில் வெளியிட்டார்கள். ரைக்கே இதைத் தன் 2018 புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அன்று மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட அந்தத் தலைப்புகளை வைத்து இன்றைக்கும் இணையத்தில் ஆரிய-திராவிடச் சண்டை நடக்கிறது. சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த எண்களைப் பார்த்திருப்பார்கள்?

எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருளர்கள் நிறைய இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் மக்கள். 2009ல் வந்த இன்னொரு மரபியல் ஆய்வில் தமிழ்நாட்டு இருளர்களும் ஒரு குழு. இங்கே "இருளர்" என்று ஒரு தாளில் எழுதி வாங்க நடையாய் நடக்க வேண்டும். அங்கே உலகத்தின் எந்தக் கணினியிலும் அந்தப் பெயர் ஒரு நெடுவரிசைத் தலைப்பாக இறங்குகிறது. ஒரு பெயரை எழுதுவதில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது.

நன்மையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2017ல் தங்கராஜ், ரைக் குழுவினர் தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டதால் அரிய மரபணு நோய்களுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். வைசியர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை மயக்கத்தின்போது தரும் ஒரு தசைத்தளர்வு மருந்தை உடல் சீக்கிரம் உடைக்காது. முன்பே தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்து தருவார். அங்கே ஒரு கோப்பின் ஒரு வரி ஓர் உயிரைக் காப்பாற்றும்.

அந்த இந்தியக் குறையும் இப்போது தீர்ந்துகொண்டிருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 நிறுவனங்கள் சேர்ந்து 80க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களிலிருந்து 10,000 பேரின் ஜீனோமைப் படித்தன. 2025 ஜனவரி 9ல் தரவு ஆய்வாளர்களுக்காகத் திறக்கப்பட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. ஆயிரம் ஜீனோம் தொகுப்பு மாதிரி யாரும் நினைத்தவுடன் இறக்க முடியாது, விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். திறந்து வைப்பது நல்லதா, பூட்டி வைப்பது நல்லதா? மாதிரி கொடுத்தவரின் இடத்தில் நின்று பார்த்தால் ஒரு பதில், ஆய்வு செய்யும் மாணவரின் இடத்தில் நின்றால் வேறு பதில். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

கடைசியாக, வகுப்புத் தோழர்களுக்கு

வரலாறு போதும், அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தும்போது இவற்றைப் பாருங்கள்:

1. முடிந்தவரை டேப் பிரித்த கோப்பாக எடுங்கள். கமாதான் என்றால் மேற்கோள் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.
2. எந்த ஜீனோம் பதிப்பு, எந்த மென்பொருள், எந்தத் தேதி என்று கோப்பின் தலையிலேயே எழுதுங்கள்.
3. எண்ணிக்கை 0ல் தொடங்குகிறதா 1லா என்று எழுதுங்கள்.
4. தகவல் இல்லாத இடத்தைக் காலியாக விடாதீர்கள், 0 என்றும் போடாதீர்கள். இல்லை என்பதற்கு ஒரு குறி வையுங்கள்.
5. எக்ஸெலில் பார்க்க வேண்டுமென்றால் நகலைப் பாருங்கள். மூலத்தைத் திறந்து சேமிக்காதீர்கள்.
6. எத்தனை வரி அனுப்பினீர்கள், எத்தனை வரி போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

மென்பொருள்கள் வரும், போகும். 1990ல் எழுதிய டெக்ஸ்ட் கோப்பை இன்றைக்கும் நோட்பேடில் திறக்கலாம். அதே வருடத்தின் ஏதோ ஒரு சொந்த வடிவக் கோப்பைத் திறக்க அந்த நிறுவனமே இருக்காது. ஓலை முந்நூறு வருடம் தாங்கியது, அதைப் பார்த்துப் பார்த்து யாரோ நகல் எடுத்ததால் அதற்கு மேலும் தாங்கியது. டெக்ஸ்ட் கோப்பும் அப்படித்தான். நகல் எடுப்பது எளிது, யாருடைய அனுமதியும் இல்லாமல் படிக்கலாம், எழுதினவர் போன பிறகும் புரியும். தலைப்பில் குறிப்பை ஒழுங்காக எழுதியிருந்தால்!

ஜீனோம் இந்தியா தரவைப் பயன்படுத்திய அனுபவம் யாருக்காவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். திறப்பதா பூட்டுவதா என்ற கேள்விக்கும் உங்கள் பதிலைச் சொல்லுங்கள், சண்டை போடாமல் :-)

மீண்டும் சந்திப்போம்.